இரண்டாவது விடை

மூன்றாம் முறையும் விடை வந்துவிட்டது. தாங்கும்.

அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தாள்.

முதல் முறை, தாங்கும். இரண்டாம் முறை, தாங்காது. இப்போது மறுபடியும் தாங்கும்.

அதே ராட்டினம். அதன் அச்சைப் பிடித்து நிற்கும் அதே இரும்புத் தகடு. அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை. அது பாவம், சொன்னதைச் செய்கிறது. கல்யாண வீட்டில் காய் நறுக்க ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பதுபோல, தகட்டைக் கட்டம் கட்டமாக வெட்டி நூற்றுக்கணக்கான ப்ராசஸர்களுக்குப் பங்கு போட்டிருந்தாள். எங்கே கணக்கு துல்லியமாக வரவில்லையோ அங்கே கட்டம் தானாகவே இன்னும் பொடியாகும். ஒவ்வொன்றும் தன் பங்கை முடித்துக் கொண்டுவந்து போடும். எது முந்துகிறதோ அது முதலில் கூட்டப்படும்.

கூட்டும் வரிசை மாறினால் கடைசித் தசமம் இம்மியளவு நகரும். அந்த இம்மியில் ஒரு கட்டம் வெட்டுப்படும், அல்லது தப்பித்துவிடும்; விடையும் கொஞ்சம் நகரும்.

மற்ற வேலைகளில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தத் தகடோ தாங்கும் வரம்பின் விளிம்பிலேயே நின்றது.

கண் எரிந்தது. தாங்கும் என்று ஒரு வரி அனுப்பினால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அது பொய்யும் ஆகாது.

போன் அடித்தது. முதலாளி ஞானசுந்தரம்.

பல விடை வந்தால் அவர் நல்லதைப் பொறுக்கிக்கொள்வார். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அப்படித்தான் பொறுக்கினார். தொட்டி இன்னும் நிற்கிறது. அதுதான் அவருடைய தைரியம்.

அவள் போனை எடுக்கவில்லை. முதல் விடையையும் மூன்றாவதையும் தொட்டாள். நிஜமாகவே அழிக்கவா என்று திரை கேட்டது.

தன் கணக்கில் அடுத்தவர் கை வைத்தால் சண்டைக்குப் போகிறவள். வெட்கமாக இருந்தது.

அழித்தாள்.

மறுபடி போன் அடித்தது. எடுத்தாள். அவர் பொருட்காட்சித் திடலில் இருந்தார். பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

தகடு தாங்காது, தடிமனாகப் போட வேண்டும் என்றாள்.

அவர் கோபப்படவில்லை. நாளைக்குத் திறப்பு, நோட்டீஸ் எல்லாம் ஒட்டியாயிற்று, ராட்டினக்காரர் நெடுநாள் பழக்கம் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரும்மா. மாறி வரும். உனக்குத் தெரியாததா?"

"ஓட்டிட்டேன் சார். எத்தனை தடவை ஓட்டினாலும் இதேதான் வருது."

கணக்கில் அவள் சொன்ன முதல் பொய் அது. இத்தனை சுளுவாக வாயில் வரும் என்று அவள் நினைத்ததில்லை.



சரி, வந்த விடை அத்தனையையும் அனுப்பிவை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஒன்றுதான் இருந்தது.

அனுப்பினாள்.