வேலைக்கா, அலமாரிக்கா

“ஷோகேஸுக்கா மேடம்?” என்று கேட்டார் பழைய சாமான் கடைக்காரர்.

அவள் தலையாட்டிவிட்டாள்.

அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான் கழற்றவில்லை. கடைகளில் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

அவள் கேட்டது ஒரு தகடு. மரம் இழைக்கும் இரும்பு இழைப்புளியில் பிளேடை இறுக்கிப் பிடிக்கும் உள்ளங்கையளவுத் தகடு. அது விரிசல் விட்டால் பிளேடு ஆடும், மரம் குதறிப்போகும். அந்த இழைப்புளியைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலமாகிறது. புதிதாக வருகிற எதுவும் அதில் உட்காராது. செத்துப்போன இன்னொரு இழைப்புளியிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

விடிந்தால் கதவுகள் இழைக்கிற வேலை. கருவி இல்லையென்றால் மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். சொல்லியே அனுப்பிவிட்டார்.

கடைக்காரர் மேல் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்தது.

கையில் வாங்கிப் பார்த்தாள். எடையே இல்லை. வெறும் தகரத்துக்கு முலாம். இறுக்கினால் அப்பளமாய் வளைந்துவிடும்.

“இது வேணாம். வேலைக்கு ஆகற மாதிரி குடுங்க.”

“அதெல்லாம் கீழ் டிராயர்ல இருக்கு மேடம். தொழில் பண்றவங்களுக்கு. அலமாரில வச்சு அழகு பாக்கறவங்களுக்கு அதையும் தூக்கிக் குடுத்துட்டா தொழில் பண்றவன் எங்க போவான்?” சிரித்துக்கொண்டே சொன்னார். “உங்க வீட்டுல யாரு மரம் இழைக்கறது?”

சுலபமான கேள்வி. ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்.

உழைப்பவனின் மானத்தைப் பற்றிக் கல்லூரி மேடையில் தொண்டை கிழியப் பேசிக் கைதட்டல் வாங்கிய வாய் அது.

“வீட்ல வேலை செய்யற தச்சருக்கு,” என்றாள். “வெளிய நிக்கறார்.”

கடைக்காரர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “யோவ், உள்ள வாய்யா. செருப்ப அங்கயே விடு.”

அவள் செருப்போடுதான் நின்றிருந்தாள்.

துணியில் சுற்றிய இழைப்புளியோடு தச்சர் உள்ளே வந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. ரொம்பச் சின்னக் கடை. வாசலில் நின்றாலே உள்ளே பேசுவதெல்லாம் காதில் விழும்.

கீழ் இழுப்பறையில் துருவோடு துருவாகக் கிடந்தவற்றில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. கடைக்காரர் நீட்டிய மரத்துண்டில் ஒரு தள்ளு. சுருள் அறுபடாமல் எழுந்து வந்தது.

“குடுத்து வச்சவன்யா நீ,” என்றார் கடைக்காரர். “வேலைக்காரனுக்காகக் கடை ஏறி வர்ற முதலாளியம்மாவ நான் எங்கயும் பாத்ததில்ல.”

என்னய்யா யோவ், யார்யா வேலைக்காரன் என்று எகிறியிருப்பாள், வேறு யாரையாவது சொல்லியிருந்தால். ஊரார் மானத்துக்கு வருகிற ஆத்திரம் இப்போது எங்கே போய்த் தொலைந்ததென்று தெரியவில்லை.

“ஆமாங்க,” என்றார் தச்சர். “சின்ன வயசுலேர்ந்தே தங்கமானவங்க.”

“ஓ, அவ்ளோ நாள் பழக்கமா?”

“இவங்களுக்குத் தொட்டில் செஞ்சதே நான்தாங்க.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பளாரென்று ஒன்று விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பேருந்தில் அடுத்தடுத்த இருக்கை கிடைத்தது. ஜன்னலோரம் அவள். மடியில் இழைப்புளியோடு அவர். துருப் படிந்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். எதைச் சொல்லி ஆரம்பிப்பதென்று அவள் வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள். ஆரம்பித்துவிட்டால் போதும், மிச்சத்தை அழுதாவது சொல்லிவிடலாம்.

நடத்துனர் வந்தார். தச்சர் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியும் மூக்கும் உரித்து வைத்த சாடை.

“ரெண்டு பேரும் ஒண்ணாம்மா?”

அவள் வாயைத் திறந்தாள்.

“தனித்தனிங்க,” என்றார் அப்பா.