ஃபைலில் கை வைத்தவன்

“நல்ல பீஸையெல்லாம் மெஷின் ரிஜெக்ட் பண்ணுதும்மா. எவனோ ஃபைல்ல கை வெச்சுக்கினு இருக்கான்,” என்று மென்பொருள் பார்க்கும் ஜாஸ்மினிடம் சொன்னார் கோதண்டம். ஒரகடத்தில் பிரேக் சிலிண்டர் செய்யும் தொழிற்சாலையின் மேனேஜர்.

சோதனை மெஷினுக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல். சிலிண்டரின் கசிவு அதிலுள்ள எண்ணைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், பீஸ் ரிஜெக்ட். அந்த எண் தினமும் காலையில் மாறுகிறது. யார் மாற்றுவது என்று தெரியாது. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிடாமல் இருக்க அதை மெஷின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். பாதுகாப்பில் அவ்வளவு அக்கறை.

“அந்தத் தென்காசிக்காரன் மேலதான் டவுட்டு. ஷிஃப்டுக்கு முன்னாடியே வந்து இன்னாத்த நோண்டுறான்?”

தென்காசிக்காரன் என்றால் அய்யாத்துரை. கான்ட்ராக்ட் ஆபரேட்டர். படப்பையில் ஆறு பேரோடு ஒரே அறை. அடுத்த மாதம் பெர்மனன்ட் ஆக வேண்டியவன்.

ஜாஸ்மின், பின்னணியில் ஓடும் ஒரு குட்டி நிரலை, ஒரு திரெட்டை, எழுதினாள். டீக்குப் போகாத, ஓ.டி. கேட்காத காவல்காரன். இரண்டு நொடிக்கு ஒருமுறை ஃபைலை எட்டிப் பார்க்கும். ஃபைல் மாறியிருந்தால் ஒரு நொடி பொறுத்து, முழுதாகச் சேமித்த பிறகே படிக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை எத்தனையானது என்று, கடைசியாக நடந்தது முதல் வரியில் வரும்படி, குறித்துக்கொள்ளும்.

“உடனே மெயில் அனுப்பாத, உஷாராயிடுவான்,” என்றார் கோதண்டம். “காலைல எட்டரை மீட்டிங்ல எல்லாருக்கும் போவணும். கஸ்டமர் கம்பெனியிலேர்ந்து சசிரேகா மேடம் ஆடிட்டுக்கு வராங்க. அவங்களையும் சேர்த்துக்கோ. நம்ம கண்ட்ரோலப் பாக்கட்டும்.”

“யாரா இருந்தாலுமா சார்?”

“எவனா இருந்தாலும் விடாத.”

மாலையில் கேன்டீனில் ஜாஸ்மின் அய்யாத்துரையிடம் மெல்லச் சொன்னாள். “ஃபைலுக்குக் காவல் போட்டாச்சு. நாளைக்கு நீ எதையும் தொடாத.”

அவன் டீ டம்ளரையே பார்த்தான். “தொடாம இருக்க முடியாதுக்கா.”

திருடனுக்கு இவ்வளவு நேர்மை ஆகாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் எட்டரை. வரிசையாக நின்றவர்களின் கைபேசிகள் ஒன்றாகச் சிணுங்கின. கோதண்டம் மெயிலின் முதல் வரியை உரக்கப் படித்தார்.

“எட்டு நாலு. லைன் கம்ப்யூட்டர். ஆறு, ரெண்டாச்சு! யார்ரா அது?”

“நான்தான் சார் மாத்துனேன்,” என்றான் அய்யாத்துரை.

“பாத்தீங்களா மேடம்? ஒரே நாள்ல புடிச்சிட்டோம்! டேய், ஐடி கார்டைக் கழட்டு.”

அவன் கழற்றி நீட்டினான்.

சசிரேகா கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க டிராயிங்ல லிமிட்டே ரெண்டுதானே சார்?” என்றபடி, கோதண்டம் படிக்காமல் விட்ட அடுத்த வரியைப் படித்தாள்.

“ஏழு அம்பத்தொண்ணு. மேனேஜர் ரூம் கம்ப்யூட்டர். ரெண்டு, ஆறாச்சு.”