சலாஹுதீன் கடை வரை

பாக்கர் மாமாவின் வலது காலில் நாடி கிடைக்கவில்லை.

பாதத்தின் மேலே தொட்டுப் பார்த்தேன். கணுக்காலுக்குப் பின்னால் தேடினேன். இடது காலில் லேசாகத் துடித்தது. வலது பாதம் இந்தப் பங்குனி வெயிலிலும் சில்லென்று இருந்தது. கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் வெளுத்தபடியே இருந்தது.

டாக்டர் சீட்டில் இருந்தது வேறு. நடந்தால் கால்வலி, இடுப்பில் நரம்பு அழுத்தம், பத்து நாள் பெல்ட் போட்டு இடுப்பை இழுக்கவும். அதற்காகத்தான் மாமா என் பிசியோதெரபி சென்டருக்கு வந்து படுத்திருந்தார்.

"சீக்கிரம் இழுத்து விடும்மா. லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு."

நான் பெல்ட்டைத் தொடவில்லை. எழுந்து பள்ளிவாசல் பக்கம் நடக்கச் சொன்னேன். கூடவே நடந்து அடிகளை எண்ணினேன்.

இருநூற்றுப் பத்தாவது அடியில் நின்றுவிட்டார்.

சலாஹுதீன் டீக்கடை வாசல். தொழப் போகும்போதும் வரும்போதும் அவர் அங்கே நின்று டீ குடிப்பது பெரியபட்டினம் ஊருக்கே தெரியும். 'டீ பாக்கர்' என்றுதான் பெயரே. என்னைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது.

ஆனால் இது நோன்பு மாதம். கடை பூட்டிக் கிடந்தது. மாமாவும் நோன்பாளி.

பூட்டிய ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை, குனியவில்லை. இரண்டு நிமிடம் சும்மா நின்றதும் வலி விட்டது. மறுபடி நடந்தார்.

நரம்பு வலி சும்மா நின்றால் இப்படி விடாது. இது காலுக்கு ரத்தம் போகாத வலி. பத்து நாள் இடுப்பை இழுத்துக்கொண்டிருந்தால் விரல் கறுத்துவிடும். அப்புறம் காலையே எடுக்க வேண்டியதுதான்.

டாக்டருக்குப் போன் செய்தேன். முதலில் கோபப்பட்டார். நான் விடவில்லை. கடைசியில், இன்றே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். மாமாதான் பெருநாள் முடியட்டும் என்று அடம்பிடித்தார்.

"பெருநாள் அடுத்த வருசமும் வரும் மாமா. கால் வராது."

காரை வரச் சொன்னேன். ஏறும்போது, எத்தனை நாளாக இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் இருக்கும். டீ எனக்கு அவ்வளவா ஆகாதும்மா. சும்மா நின்னா ஆளுக என்ன ஏதுன்னு கேப்பாங்கள்ல."

மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அவர் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தும் இரண்டு வருடம்தான் ஆகிறது. தொழுதுவிட்டு வருபவருக்கு டீ போட்டு நீட்டுவேன். இப்பத்தான் குடிச்சேன் என்று தள்ளி வைப்பார்.

என் டீ பிடிக்கவில்லை என்று நினைத்து, வீட்டில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே நான் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது.