பீங்கான் பாசம்

“அம்மா என்கூடத்தான் வர்றாங்க. பொம்மையையும் சேர்த்தே பேக் பண்ணிடலாம்” என்றான் மகன்.

மதிப்பீட்டாளர் இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை. பழைய பொருள்களைப் பார்த்து அசலா, நகலா, என்ன விலைக்குப் போகும் என்று சொல்வது அவள் தொழில். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏற இறங்கப் பார்த்து, பெரியவங்க யாரும் வரலையா என்று கேட்டவன் இவன்தான். நான்தான் பெரியவ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். பொம்மை பார்க்கவா அவ்வளவு படிச்சே என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுத் தோல் தடித்துப் போயிருந்தது.

விஷயம் இதுதான். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடோ மகளோடோ அவள் போயாக வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோ என்றுதான் பேச்சு ஓடியது. கப்பல் வேலையில் இருந்த அப்பா எந்தத் துறைமுகத்திலோ வாங்கிவந்த பீங்கான் பொம்மை, அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்தது. அதே மாதிரி பொம்மை ஒன்று வெளிநாட்டு ஏலத்தில் வீட்டு விலைக்குப் போனதை மருமகன் போனில் பார்த்துத் தொலைத்தார். நான் எங்கே போனாலும் பொம்மையும் என்னோட வரும் என்று அம்மா வேறு சொல்லிவைத்தாள். அன்று பொங்க ஆரம்பித்த பாசம் இன்னும் அடங்கவில்லை.

எதற்கும் ஒருமுறை மதிப்புப் பார்த்துவிடலாம் என்று சொல்லி, மதிப்பீட்டாளரை வரவழைத்ததும் அம்மாதான்.

மகள் விடுவதாக இல்லை. தன் வீட்டில் அம்மாவுக்குத் தனி அறை என்றாள், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்தாயிற்று என்றாள். மகன் தன் பங்குக்கு ஜன்னலோரக் கட்டிலையும் தனி டிவியையும் எடுத்துவிட்டான்.

“அண்ணிக்குத் தலைவலின்னா உன் வீடே படுத்துக்கும். அங்க அம்மாவை யார் பாப்பா?” என்றாள் மகள்.

“உன் வீட்டு லிஃப்ட் மாசத்துல பாதி நாள் தூங்குது. அம்மா முட்டியை வச்சுக்கிட்டுப் பறந்தா வருவாங்க?”

அம்மா நடுவில் உட்கார்ந்து, பந்தாட்டம் பார்ப்பவள்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதிப்பீட்டாளர் பொம்மையை மடியில் கவிழ்த்து, தலைமுடியை மெல்லக் கழற்றினாள். ஐயோ, மொட்டையடிக்கிறீங்களே என்று மகள் பதறினாள். தயாரித்தவர்களின் முத்திரையும் அளவு எண்ணும் பின்னங்கழுத்தில், முடிக்கு அடியில்தான் இருக்கும் என்று இவள் சொன்னதும் இரண்டு தலைகள் முட்டிக்கொண்டு குனிந்தன. முத்திரை இருந்தது. மகன் கண் மின்னியது. அடுத்த நிமிடமே அம்மாவின் தோள்மேல் அவன் கை போய் உட்கார்ந்தது.

மதிப்பீட்டாளர் நாடாவால் பொம்மையின் தலையைச் சுற்றி அளந்தாள். கழுத்து ஓட்டை வழியே டார்ச் அடித்து உள்பக்கம் பார்த்தாள். மறுபடி அளந்தாள். உண்மையைச் சொன்னால் இந்த அம்மாவின் கதி என்ன என்பது இரண்டு முகங்களிலும் எழுதி ஒட்டியிருந்தது. ஒரே ஒரு பொய் போதும். ஆனால் அந்த ஒரு பொய்யைச் சொல்ல வராமல்தான் அவள் இரண்டு வேலையைத் தொலைத்திருந்தாள்.

“இது நகல். அசல் பொம்மைலேர்ந்து அச்சு எடுத்துச் சுட்டது. சூளையில மண்ணு சுருங்கும், அதான் இந்த எண்ணுக்கு இருக்க வேண்டிய அளவைவிடத் தலை சின்னதா இருக்கு. முத்திரையும் மங்கலா விழுந்திருக்கு. அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.”

அம்மாவின் தோளிலிருந்து கை இறங்கியது.

“நல்லாப் பாத்தீங்களா?” என்று மகன் கேட்டான்.

“உங்களுக்கு வேணும்னா பெரியவங்க யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க.”

மகன் தொண்டையைச் செருமினான். யோசித்துப் பார்த்தால் தன் வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்து, தங்கை வீட்டிலாவது லிஃப்ட் இருக்கிறது என்றான்.

“அது எங்கண்ணா ஓடுது? அண்ணி மாதிரி பொறுமையாப் பாத்துக்க எனக்கு வராது” என்றாள் மகள்.

கடைசியில் அம்மாவுக்குப் பழகின இடம்தான் நல்லது என்பதில் அண்ணனும் தங்கையும் பல மாதங்களுக்குப் பிறகு ஒற்றுமையானார்கள். அவனுக்கு அவசர மீட்டிங் வந்தது. அவளுக்குப் பிள்ளைகளின் பரீட்சை வந்தது. டீ ஆறுவதற்குள் இரண்டு கார்களும் தெருமுனை தாண்டிவிட்டன.

மதிப்பீட்டாளருக்கு எழுந்து போக மனம் வரவில்லை. பெற்ற தாயைப் பொம்மைக்கு இலவச இணைப்பாக ஆக்கிவிட்டார்களே என்று உள்ளே கொதித்தது. தன் வாயின்மீதும் எரிச்சல் வந்தது.

“மன்னிச்சிடுங்கம்மா. அசல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்நேரம் உங்களைத் தலைல தூக்கி வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க.”

“அதுக்குத்தானே பயந்துக்கிட்டு இருந்தேன்” என்று அம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டாள். “அசலைப் போன வருஷமே வித்துட்டேன்மா. வாங்கினவங்ககிட்டயே சொல்லிச் செஞ்சு வாங்கின நகல் இது. நான் சொன்னா அதுங்க நம்பாது, அதான் யாருக்காகவும் பொய் சொல்லாத ஆள் யாருன்னு விசாரிச்சு உன்னைக் கூப்பிட்டேன்.”