இன்சூரன்ஸ்காரர் பேர்

ஏணியின் மேல் நின்று பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே ரகுபதியின் போன் அடித்தது.

மகள் உதயாதான். தவழ ஆரம்பித்துவிட்ட பையனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்று மாமியார் வீட்டில் ஏசுகிறார்களாம். ரகுபதி வழக்கம்போல, பார்க்கலாம் என்று சொல்லிக் கட் செய்தான்.

அவன் கீழே இறங்கியபோதுதான் அந்தப் புது ஆளைப் பார்த்தோம்.

எண்ணூர் நிலக்கரி யார்டு கேட்டுக்கு எதிரே, தேவப்பிரியம் அண்ணாச்சி டீக்கடை ஓரத்தில் நின்று, எங்கள் பேனரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒட்ட வெட்டிய முடி. பிரவுன் ஷூ.

போன வாரத்திலிருந்து வருகிறான். தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்கிறானாம். விலை கேட்டால் தெரியாது.

பழைய ஆளும் இப்படித்தான் வந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றார். வருஷக்கணக்கில் எங்களோடு டீ குடித்தார்; ஒருத்தனைக்கூடப் பாலிசி போடச் சொன்னதில்லை. அப்படி ஒரு ஏஜென்ட் உலகத்தில் கிடையாது.

உளவுத் துறை என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. பேர் கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொல்வார். அதனால் இன்சூரன்ஸ் என்றே கூப்பிட்டோம்.

யார்டுத் தொழிலாளர் சங்கக் கூட்டம் என்றால் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்வார். அவர் கை வலிக்கக் கூடாதென்று தலைவரே நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

ஒருநாள் யார்டில் குவியல் சரிந்து ரகுபதி கரிக்குள் போய்விட்டான். நாங்கள் மேஸ்திரியைத் தேடி ஓடினோம். இன்சூரன்ஸ் டீ கிளாஸைப் போட்டுவிட்டு கேட்டைத் தாண்டி ஓடி, வெறுங்கையால் தோண்டி, ரகுபதியின் தலையை வெளியே எடுத்தார்.

அன்றைய அறிக்கையில் தன்னைப் பற்றி என்ன எழுதினாரோ.

போன வருஷம் இதே பெஞ்சில், பாதி டீயில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்; உயிர் இல்லை என்றார்கள். மப்டியில் இரண்டு பேர் வந்து உடலை எடுத்துக்கொண்டார்கள். அவர் பேர் என்ன என்று ரகுபதி கேட்டான். கலைந்து போங்கள் என்றார்கள். கலைவதற்கு நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

ரகுபதி நெட்டுக்குப்பத்துக்காரன். முதல் வருஷ நினைவுக்குப் பேனர் இல்லாமல் அங்கே ஒருத்தரும் செத்ததில்லை. தனக்கு உயிர் கொடுத்த மனுஷனுக்குப் பேர் இல்லாமல் பேனரா என்று அவனுக்குத் தூக்கமே போய்விட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். தலை நரைத்த பிறகு கற்ற என் கையெழுத்துதான் இருந்ததில் சுமார். அவர் பேர் என்ன, ஊர் எது, ஒரு போட்டோ கிடைக்குமா. எங்களைப் பற்றி எழுதியதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது வேண்டாம் என்று பெருந்தன்மையாகக் கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன்.

பிரிவு 24(4)-ன் கீழ் இத்துறைக்கு விலக்கு உண்டு, தெரிவிக்க இயலாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தோம். அதே வரி வந்தது, கொஞ்சம் நல்ல தாளில்.

அதைத்தான் பேனரில் போட்டோம்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பெயர்: பிரிவு 24(4)-ன் கீழ் தெரிவிக்க இயலாது. தோற்றம்: தெரிவிக்க இயலாது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டீ கிளாஸ். யாராவது ஒரு நடிகர் படம் போட்டுவிடட்டுமா என்று ஃபிளெக்ஸ் கடை ராமசெல்வி கேட்டாள். ரகுபதி முறைத்த முறைப்பில் அவளே தேடி எடுத்த கிளாஸ் அது.

கீழே எங்கள் பேரும் முகமும் வரிசையாக. அவை துறையில் ஏற்கெனவே இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை.

புது ஆள் போனைப் பையில் போட்டுவிட்டு பேனரை நிதானமாகப் படித்தான். பெயர் வரிக்கு வந்ததும் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினான்.

நல்ல வெயில். தார் ரோட்டில் சாக்ஸோடு நின்றான். சாக்ஸில் கட்டைவிரல் தெரிந்தது.

ரகுபதி அவன் பக்கத்தில் போனான்.

“உன் பேரையாவது இப்பவே சொல்லிடு நைனா. அப்பால மனு போட்டுகினு அலைய முடியாது.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ரகுபதியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். கையால் பேனரைக் காட்டிச் சொன்னான். தன் பேரை அல்ல. ஷூவை மாட்டிக்கொண்டு, டீக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டான். அதிலும் பழைய ஆள் மாதிரியேதான்.

நாங்கள் ரகுபதியை மொய்த்துக்கொண்டோம். அண்ணாச்சி வடைச் சட்டியை விட்டுவிட்டு வந்தார். ராமசெல்வியிடம் சொல்லி ஸ்டிக்கர் அடித்துப் பெயர் வரி மேல் ஒட்டிவிடலாம் என்றேன் நான்.

“சொல்ல முடியாது மாமு. இருவத்தி நாலு, நாலு.”

சொன்னால் அந்தப் புது ஆளின் வேலை போய்விடும் என்றான். லுங்கியில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். போனை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு அந்தப் பக்கம் நடந்தான். இன்ஜின் சத்தத்தில் முதல் வரி மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

“உதயா, குட்டிக்குப் பேரு கெட்ச்சிட்ச்சிமா.”

பேனர் காற்றில் கிழிந்து எத்தனையோ நாளாகிறது. துறை இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நெட்டுக்குப்பத்தில் ஓர் அரசாங்க ரகசியம், தெருவே பேர் சொல்லிக் கூப்பிட, ஜட்டிகூட இல்லாமல் தவழ்ந்துகொண்டிருக்கிறது.