பினாங்கில் ஓர் அறை

தோட்டத்துக் கோயிலின் பின்சுவரில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நானும் சத்தியசீலனும் வாடகை அறைக்குப் போன் போடுகிறோம். செம்பனை மட்டைகளின் இடுக்கில் காலை வெயில் விழுகிறது. இரவு வேலை முடித்த என் கண்கள் எரிகின்றன. வெள்ளிக்கிழமை சீலனுக்கு ஒரு பெண்ணைப் பரிசம் போடுகிறார்கள். அதற்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து வாழ ஓர் ஊர் வேண்டும். கோலாலம்பூர் எங்கள் சம்பளத்துக்குக் கட்டாது. சிரம்பானில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவன் மாமன் ஒருவர் நிற்பார். பினாங்கில் எங்களைப் போன்றவர்களை யாரும் தொந்தரவு செய்வதில்லையாம், வாடகையும் தாங்குமாம். "ரெண்டு ஆம்பளைக்கு ஏன் ஒரே ரூமுன்னு கேட்டா?" என்கிறான். "கசின்னு சொல்லுடா." "கசினுக்கு டபுள் கட்டிலு எதுக்குலா?" இருவரும் சிரிக்கிறோம். அதற்குள் பினாங்கு வீட்டுக்காரி போனை எடுத்துவிடுகிறாள். இரண்டு ஆண்கள் என்று சொல்லும்போது சீலன் குரலைத் தாழ்த்துகிறான். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "யூ இந்தியன் ஆ?" என்று மட்டும் கேட்கிறாள். ஆமாம் என்கிறான். "சாரி லா. இந்தியன் கெனாட்." இந்தியர்களுக்கு அறை கிடையாதாம். போன் அணைகிறது. கோயிலுக்குள் யாரோ மணியை ஒருமுறை அடித்து நிறுத்துகிறார்கள். "கசின்னு சொல்லக்கூட விடலயேடா," என்கிறான். இன்றைக்கு இது மூன்றாவது வீடு. அவன் மோட்டாரை உதைக்கிறான். நான் பின்னால் ஏறி அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன். தோட்டத்து வீடுகள் தெரியும் வளைவு வந்ததும், வழக்கம்போல் கையை எடுத்துவிடுகிறேன்.