ரிட்டர்ன் வந்த பன்னிரண்டு பாக்கெட்

ஏஞ்சலம்மாள் தாராவியில் பதினோரு வருடமாக நடத்திவந்த முறுக்குத் தொழிலை அன்று காலையோடு மூடிவிட்டாள். எண்ணெய் விலை மாதாமாதம் ஏறியது; நாற்பது ரூபாய்ப் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் கூட்டித் தர மட்டும் எந்தக் கடைக்காரருக்கும் மனம் வரவில்லை. போதும் என்று கடாயைப் பழைய இரும்புக்குப் போட்டாள்.

இனி சரக்கு வராது என்று சொல்ல கிங்ஸ் சர்க்கிள் கடைக்குப் போன புருஷன் சந்தியாகு, மத்தியானம் ஒரு பெட்டியோடு திரும்பினார்.

“டேட் முடிஞ்ச மாலாம்ட்டி. பன்னெண்டு பாக்கெட்ட ரிட்டர்ன் பண்ணிட்டாரு.”

ஒன்றைப் பிரித்ததும் காறல் வாடை அடித்தது. மெழுகுவத்தியில் காட்டி ஒட்டிய வாய் அவள் கைவேலைதான். லேபிளில் தயாரித்த தேதியும் அவள் எழுத்துதான்: அடுத்த வருடம் ஜூன் இருபது.

“தப்பா எழுதிட்டியோ?”

அவள் மற்றவற்றைத் தரையில் வரிசையாக வைத்தாள். பாக்கெட்டுக்கு ஒன்றாக வருடம் ஏறிக்கொண்டே போனது.

“பன்னெண்டுலயுமா தப்பா எழுதுவேன்? கடாயவே போட்டாச்சி. பெறவு எவ சுட்டா இத?” என்று எரிந்து விழுந்தாள்.

கடைசிப் பாக்கெட்டில் அவள் எழுத்து கிழவியின் எழுத்தைப் போல நடுங்கியிருந்தது. விலை மட்டும் அதே நாற்பது ரூபாய்.